சர்க்கரை மாத்திரை வாங்க வரும் இளம்பெண்ணிடம் நாம் கேட்கத் தவறும் கேள்வி

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்ககத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர், செயலாளர், இயக்குநர் ஆகியோருக்கு வணக்கம்.

கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வட மாவட்டம் ஒன்றில் துணை சுகாதார நிலையத்தில் தொடங்கி, கடைசிப் பதினான்கு ஆண்டுகள் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒட்டிய கிராமங்களைப் பார்த்துக்கொண்டேன். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள இளம்பெண்கள், சர்க்கரை கட்டுக்குள் வராத நிலையிலேயே கருவுறுவதைப் பற்றியும், அதனால் சில குழந்தைகள் பிறவிக் குறைபாட்டோடு பிறப்பதைப் பற்றியும் இந்த மடலை எழுதுகிறேன். அந்தக் குறைபாடுகளில் கணிசமானவற்றைத் தடுக்க முடியும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. ஆனால், கருத்தரிப்பதற்கு முன்பு மட்டுமே தடுக்க முடியும். நம்முடைய தாய்சேய் நலப் பணி முழுவதும் கருத்தரித்த பிறகுதான் தொடங்குகிறது.

என் பதிவேட்டில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பெயரோ ஊரோ சொல்ல மாட்டேன். 24 வயதில் அவருக்குத் தொடையில் ஒரு கட்டி வந்து ஆறாமல் இருந்தபோது சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அப்போது திருமணமாகி ஓராண்டு. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் எங்கள் நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவின் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிச் செல்வார். கையில் மஞ்சள் பை, அதற்குள் நான்காக மடித்த சீட்டு, தண்ணீர் பாட்டில். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் என்பதால், அவர்களுக்கு நடுவே அவர் நிற்பது தனியாகத் தெரியும். சாப்பிட்ட பின் எடுத்த சர்க்கரை ஒரு மாதம் 260 இருக்கும், ஒரு மாதம் 290 இருக்கும். "கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, சோற்றைக் குறையுங்கள், அடுத்த மாதம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புவார்கள். அடுத்த மாதமும் அதேதான்.

அதே கட்டடத்தில், இரண்டு அறை தள்ளி, குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியரை எழுதிவைக்கும் என்னுடைய தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இருந்தது. அதில் அவருடைய பெயருக்கு நேரே நான் என் கையால் எழுதியிருந்தேன்: குழந்தை இல்லை, கருத்தடை முறை எதுவும் பின்பற்றவில்லை, குழந்தை வேண்டும் என்று விருப்பம். தொற்றா நோய்ப் பதிவேட்டில் அவருடைய சர்க்கரை அளவு இருந்தது. இரண்டு பதிவேடுகளும் மாலையானால் ஒரே இரும்பு அலமாரிக்குள் அடுத்தடுத்த தட்டில் வைத்துப் பூட்டப்பட்டன. ஒன்றில் இருந்த செய்தி மற்றொன்றுக்கு ஒரு நாளும் போகவில்லை. போக வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

நாள் தள்ளிப்போய் அவர் என்னிடம் வந்தபோது பதினோராவது வாரம். 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிட்டோம் என்று நான் மகிழ்ந்தேன். எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் அது நல்ல பதிவாகக் கணக்கிடப்படும். என் காலத்தில் மகப்பேறு உதவித்தொகையின் முதல் தவணைக்கும் அதுவே நிபந்தனை. மருத்துவர் உடனே இன்சுலின் தொடங்கினார், ஒரு மாதத்துக்குள் சர்க்கரை அழகாக இறங்கியது. இருபதாவது வார ஸ்கேனில், குழந்தையின் இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறியிருப்பதும், கீழறைகளுக்கு நடுவே துளை இருப்பதும் தெரிந்தன. குழந்தை பிறந்து, அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நிலையில் பன்னிரண்டாம் நாள் இறந்தது. கிரகணத்தன்று அவர் வெளியே வந்ததுதான் காரணம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் துக்கம் கேட்கப் போனபோது அவர் என்னை அடுப்பங்கரைக்கு அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில் கேட்டார்: "நர்ஸம்மா, நான் மாத்திரைய ஒரு நாள்கூட விட்டதில்லியே, அப்புறம் ஏன் இப்படி?"

அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பது முக்கியமில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அவர் மாத்திரையை விடவில்லை, வரிசையில் நிற்காமல் இருந்ததில்லை, பதிவைத் தாமதப்படுத்தவில்லை. நாம் சொன்ன எல்லாவற்றையும் செய்தார். "குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால், சர்க்கரை இறங்கும்வரை சில மாதங்கள் பொறுங்கள், அதற்கு நாங்கள் உதவுகிறோம்" என்ற ஒன்றை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கால அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எவ்வளவு நெருக்கடியானது என்பது விளங்கும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், ஏறக்குறைய பதினான்காம் நாள் கருத்தரிக்கிறது. இருபத்தெட்டாம் நாள் வர வேண்டிய விலக்கு வராதபோதுதான் ஒரு பெண்ணுக்கு முதல் சந்தேகமே வரும். ஐந்தாவது வாரம் முடியும்போது கருவின் இதயக் குழாய் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆறாவது வாரம் முடிவதற்குள், பின்னாளில் மூளையாகவும் முதுகுத் தண்டாகவும் ஆகப்போகும் நரம்புக்குழாய் இரு முனைகளிலும் மூடிக்கொள்கிறது. பத்தாவது வாரத்துக்குள் இதயத்தின் அறைகளும் பெருங்குழாய்களும் ஏறத்தாழ வடிவம் பெற்றுவிடுகின்றன. நம்முடைய மிகச் சிறந்த பதிவு, நாம் பாராட்டுக் கொடுக்கிற பதிவு, பன்னிரண்டாவது வாரத்துக்குள் நடக்கும் பதிவு. அதற்குள் கட்டி முடிக்கப்பட்ட இதயத்தை எந்த இன்சுலினும் திருத்தி அமைக்காது.

சர்க்கரை ஏன் இப்படிச் செய்கிறது என்பதும் ஓரளவு தெளிவாகவே தெரியும். தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை தடையின்றிக் கருவைச் சென்றடைகிறது. தாயின் இன்சுலின் அப்படிச் செல்வதில்லை. கருவின் சொந்தக் கணையமோ பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும்வரை குறிப்பிடத்தக்க அளவு இன்சுலினைச் சுரப்பதில்லை. ஆகவே, உறுப்புகள் உருவாகும் அந்தச் சில வாரங்களில், தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத ஒரு கரு, மிகையான சர்க்கரைக்குள் மூழ்கி வளர்கிறது. அது உயிரணுக்களுக்குள் ஆக்சிஜன் சார்ந்த சிதைவை உண்டாக்கி, உறுப்புகளை வடிவமைக்கும் மரபணுக்கள் உரிய நேரத்தில் உரிய அளவில் வேலை செய்வதைக் குலைக்கிறது என்று சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதயக் குறைபாடு, நரம்புக்குழாய் மூடாமை, சிறுநீரகம் உருவாகாமை, முதுகெலும்பின் அடிப்பகுதி வளராமை ஆகியவை இப்படி வருபவற்றுள் முக்கியமானவை.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊழியர்களிடையேயும் இதில் குழப்பம் உண்டு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் புதிதாகத் தோன்றும் கர்ப்பகாலச் சர்க்கரை பொதுவாக இந்தக் குறைபாடுகளை உண்டாக்குவதில்லை. அது தலைகாட்டும்போது உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். அந்தச் சர்க்கரையைக் கண்டுபிடிப்பதில் தமிழ்நாடு இந்தியாவுக்கே வழிகாட்டியது. சென்னையின் நீரிழிவு மருத்துவர் சேஷய்யா போன்றோரின் உழைப்பினால், 2007-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய அரசாணை பிறந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐ எட்டுகிறதா என்று பார்க்கும் அந்த எளிய முறையை நானே ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்திருக்கிறேன். மசக்கையோடு அந்தத் தித்திப்பைக் குடித்துவிட்டு வாந்தியை அடக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பணியின் பெருமை எனக்கும் உண்டு. ஆனால், கருத்தரிக்கும்போதே சர்க்கரையோடு இருந்த பெண்ணுக்கு அது காலம் கடந்த உதவி.

இனி, தடுக்க முடியும் என்பதற்கான சான்றுகள். 1981-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 116 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.5 அல்லது அதற்குக் கீழ் இருந்த தாய்மாரின் குழந்தைகளில் 3.4 விழுக்காட்டினருக்குப் பெரிய குறைபாடு இருந்தது. அதற்கு மேல் இருந்தவர்களின் குழந்தைகளில் 22.4 விழுக்காட்டினருக்கு இருந்தது. சர்க்கரை கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்பது இதிலிருந்து தெளிவானது. முன்கூட்டியே இறக்கினால் ஆபத்து இறங்குமா என்ற அடுத்த கேள்விக்கு விடை, அன்றைய கிழக்கு ஜெர்மனியில் கார்ல்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் இருந்த நீரிழிவு மருத்துவ நிலையத்திலிருந்து 1983-இல் வந்தது. ஃபூர்மானும் அவருடைய உடன் பணியாளர்களும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண்களைக் கருத்தரிப்பதற்கு முன்பே வரவழைத்து, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு கருவுறச் செய்தார்கள். அப்படிப் பிறந்த 128 குழந்தைகளில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் பெரிய குறைபாடு இருந்தது. எட்டாவது வாரத்துக்குப் பிறகு கண்டிப்பான சிகிச்சைக்கு வந்த தாய்மாருக்குப் பிறந்த 292 குழந்தைகளில் 22 பேருக்கு இருந்தது. சர்க்கரை நோய் இல்லாத தாய்மாரின் குழந்தைகளிலேயே அங்கு 1.4 விழுக்காட்டினருக்குக் குறைபாடு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முன்கூட்டியே கவனிக்கப்பட்ட சர்க்கரைத் தாய்மாருக்கும் மற்றத் தாய்மாருக்கும் இடையே வேறுபாடே இல்லாமல் போய்விட்டது எனலாம்.

எட்டாவது வாரம் என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் பிரிவினருக்கும் நல்ல சிகிச்சைதான் கிடைத்தது. அதே மருத்துவர்கள், அதே இன்சுலின். சில வாரங்கள் தாமதம், அவ்வளவே. 1991-இல் கலிபோர்னியாவிலிருந்து வெளியான ஆய்வும் இதையே உறுதிசெய்தது: கருத்தரிக்கும் முன்பே பராமரிப்பில் சேர்ந்த 84 பெண்களின் குழந்தைகளில் 1.2 விழுக்காடு, கருத்தரித்த பிறகு வந்த 110 பெண்களின் குழந்தைகளில் 10.9 விழுக்காடு.

இவை பெரும்பாலும் சிறுவயதிலிருந்தே இன்சுலின் போடும் முதல் வகைச் சர்க்கரை உள்ள பெண்களைப் பற்றியவை, நம் பெண்களுக்கு வருவதோ பெரும்பாலும் இரண்டாம் வகை, ஆகவே இந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது என்று யாராவது சொல்லக்கூடும். வட இங்கிலாந்தில் பல ஆண்டுப் பதிவுகளைத் திரட்டி 2012-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை சொல்கிறது. ஏற்கெனவே சர்க்கரை உள்ள தாய்மாருக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு. எந்த வகைச் சர்க்கரை என்பது பொருட்டாகவில்லை. கருத்தரித்த சமயத்துச் சர்க்கரை அளவுதான் பொருட்டாக இருந்தது. கரு, தன் தாய்க்கு எந்த வகைச் சர்க்கரை என்று பார்ப்பதில்லை.

நம்மிடம் அந்தப் பெண்கள் எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இது முதியவர்களின் நோய் என்ற நினைப்பு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. நாடளாவிய தொற்றா நோய்த் திட்டத்தின் வீடுவீடான கணக்கெடுப்பு முப்பது வயதைத் தாண்டியவர்களை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. நம் கிராமங்களில் ஒரு பெண் முதல் குழந்தை பெறும் வயது அதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் முப்பது வயதுக்குட்பட்ட சர்க்கரை நோயாளியைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஓய்வு பெற்ற ஆண்டில், என் பகுதியில் அப்படிப்பட்ட பெண்களை ஒவ்வொரு தெருவிலும் அறிந்திருந்தேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இன்று சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொடுக்கிறார்கள். இது பெரிய காரியம். அந்தத் தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்து விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கிறார், அளவைக் குறித்துக்கொள்கிறார், மாத்திரையை எண்ணித் தருகிறார். அந்த வீட்டுப் பெண் பேசுவதற்கு அதைவிட நல்ல இடமும் இல்லை, அதைவிட நல்ல ஆளும் இல்லை. புதிதாகத் திருமணமான பெண்ணைப் பார்த்தால் தெருவில் போகிறவர்கள்கூட "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கிற ஊர் இது. கேட்க வேண்டிய இடத்தில் இருக்கும் நாம் மட்டும்தான் கேட்பதில்லை.

என் வேண்டுகோள் இதுதான். 18 வயதிலிருந்து 45 வயதுவரை உள்ள, சர்க்கரைக்கு மருந்து எடுக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும், மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு முறையும், வரும் ஓராண்டுக்குள் குழந்தை பெற்றுக்கொள்ள எண்ணமுண்டா என்று கேட்கப்பட வேண்டும். அந்த விடை எழுதப்பட வேண்டும். தொற்றா நோய்ப் பதிவேட்டிலும் அதற்கான செயலியிலும் இதற்கென ஒரு கட்டம் சேருங்கள். அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று விழுந்தால், அந்தப் பெயர் தானாகவே அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியரின் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டுக்குப் போக வேண்டும். "இப்போது வேண்டாம்" என்று விழுந்தாலும் போக வேண்டும், ஏனென்றால் வேண்டாம் என்பவருக்குப் பொருத்தமான கருத்தடை முறை தேவைப்படுகிறது. சர்க்கரை உள்ள பெண்ணுக்குத் திட்டமிடாத கர்ப்பம்தான் மிகவும் ஆபத்தானது. காப்பர் டி சர்க்கரையைப் பாதிக்காது, எடுத்த உடனே கருத்தரிக்கவும் முடியும் என்பதைக்கூட எங்கள் தொற்றா நோய்ப் பிரிவில் ஒருவரும் ஒரு நோயாளியிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஆம்" என்று சொன்ன பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததே, ஆனால் அது நம் நிலையங்களின் நடைமுறையில் எழுதப்பட வேண்டும். முதலாவது, மூன்று மாதச் சராசரி. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் அந்த ஒரு பரிசோதனை கடந்த சில மாதங்களின் கதையைச் சொல்லிவிடும். தாழ்சர்க்கரை, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது, வராமல் எட்ட முடிந்தால், அதை 6.5-க்குக் கீழ் கொண்டுவந்த பிறகு கருத்தரிப்பதே நல்லது என்று உலகின் முக்கியமான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்த 6.5 என்பது சராசரியாக 140 அளவுள்ள சர்க்கரைக்குச் சமம். 10 என்றால் சராசரி 240; அந்நிலையில் கருத்தரிப்பதைக் கண்டிப்பாகத் தள்ளிப்போடச் சொல்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். என் காலத்தில் எங்கள் நிலையத்தில் இந்தப் பரிசோதனை கிடையாது. தனியார் ஆய்வகத்துக்குக் கூலி நாளை விட்டுவிட்டுப் பேருந்தேறிப் போக வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் சர்க்கரைப் பெண்களுக்கு மட்டுமாவது, அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுத்து, கட்டணமின்றி முடிவைத் தர ஏற்பாடு செய்யுங்கள். நம் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதையும் மறக்க வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவு இந்த அளவை இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும் என்பதால், விரல் நுனிப் பரிசோதனைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து மாத்திரைகள். சர்க்கரையோடு இரத்தக் கொதிப்பும் உள்ள பெண்ணுக்கு எனலாப்ரிலோ டெல்மிசார்டனோ, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டினோ கொடுத்துக்கொண்டிருப்போம். முதல் இரண்டும் கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. மூன்றாவதையும் கர்ப்பத்துக்கு முன் நிறுத்துவதே வழக்கம். வரிசையில் ஐம்பது பேருக்குக் கொடுக்கும் அதே பொட்டலம் 26 வயதுப் பெண்ணின் கைக்கும் போகிறது. மருத்துவர் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றி, தேவையானால் இன்சுலினுக்குக் கொண்டுபோக வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது என்பதையும் அந்தப் பெண்ணிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும்; "கர்ப்பத்துக்கு ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லா மருந்தையும் விட்டுவிட்டு, சர்க்கரை 400-ஐத் தொட்ட நிலையில் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஃபோலிக் அமிலத்தைப் பற்றிச் சில வரிகள். நாம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது, அதையும் கர்ப்பம் உறுதியான பிறகே கொடுக்கிறோம். சர்க்கரை உள்ள பெண்ணுக்கு, கருத்தரிக்கத் திட்டமிடும் காலத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை நாள்தோறும் 5 மில்லிகிராம் தர பிரிட்டன் பரிந்துரைக்கிறது. மலிவான மஞ்சள் மாத்திரை. அதைச் சர்க்கரை மாத்திரைப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுக்க எந்தப் புதிய திட்டமும் தேவையில்லை. கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதும் அவசியம். நெடுநாள் கூடியிருந்த சர்க்கரையை அவசரமாக இறக்கினால் விழித்திரைப் பாதிப்பு மோசமாகக்கூடும் என்பதால்தான் சில மாத அவகாசம் வேண்டும் என்கிறேன்.

இன்னொரு கூட்டத்தாரையும் நாம் கைநழுவ விடுகிறோம். முதல் கர்ப்பத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்கள் அவர்கள். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எல்லாரும் மறந்துவிடுகிறோம். அவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் நிரந்தரச் சர்க்கரை வருகிறது, இரண்டாவது கர்ப்பம் அதன் மேல்தான் வந்து அமைகிறது. ஆறாவது வாரத்தில் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்று நடுவண் அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. தாயோ அப்போது தன் தாய்வீட்டில், வேறொரு வட்டாரத்தில் இருக்கிறார். ஆனால் அதே ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட எங்கேயோ ஒரு நிலையத்துக்குப் புதன்கிழமை கட்டாயம் வருகிறார். குழந்தைக்கு ஊசி போட்ட பின் எப்படியும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம். அந்த அரை மணியை இரண்டு மணியாக்கி, தாய்க்கும் அந்த குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிட்டால் போதும். எந்த ஊர் நிலையமாக இருந்தாலும், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் பிக்மி எண்ணைப் போட்டதும் "இந்தத் தாய்க்குச் சர்க்கரை இருந்தது" என்று திரையில் வர வேண்டும்.

திருமணமாகாத பெண்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பத்து வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண்ணைப் பெற்றவர்கள், மாப்பிள்ளை வீட்டாரிடம் அதை மறைத்துக் கட்டிக்கொடுப்பது எங்கும் நடக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண், இன்சுலின் குப்பியைப் புகுந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க அஞ்சி, துணிப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, வேளை தவறி ஊசி போடுகிற அந்த முதல் சில மாதங்களில்தான் கருவுறுகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் முன்பே இத்தகைய பெண்களிடமும் அவர்களுடைய தாய்மாரிடமும் மருத்துவர் ஒரு முறை அமர்ந்து பேச வேண்டும். திருமணத்துக்குப் பின் கணவரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். மனைவியின் சர்க்கரை இறங்கும்வரை பொறுப்பது அவருடைய வேலையும்தான்.

இதைச் சொன்னால் பெண்கள் பயந்துபோவார்கள், சர்க்கரை உள்ளவளுக்குப் பிள்ளையே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள், விலக்கி வைப்பார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். எனக்கும் இருந்தது. ஆகவே எந்தச் சொல்லில் இதைச் சொல்கிறோம் என்பது முக்கியம். சர்க்கரை உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் குறையின்றியே பிறக்கிறார்கள். சர்க்கரை கூடியிருந்தவர்களுக்கும் அப்படியே. சர்க்கரை கூடியிருக்கையில் கருத்தரித்துவிட்டது என்பதற்காக எந்தப் பெண்ணும் கருவைக் கலைக்க ஓட வேண்டியதில்லை. உடனே வந்தால், பின்னால் வரக்கூடிய பல தீங்குகளை இன்னும் தடுக்க முடியும், பதினெட்டு முதல் இருபது வாரத்துக்குள் இதயத்தைக் கூர்ந்து பார்க்கும் ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள்ளவும் முடியும். குறையோடு பிறந்துவிட்ட குழந்தையின் தாயிடம், "உன் சர்க்கரையால்தான்" என்ற சொல் எந்த ஊழியர் வாயிலிருந்தும் வரக்கூடாது. கிரகணத்தின் மேல் பழி போட்ட ஊர், நாளை சர்க்கரையின் பெயரால் அவள் மேல் பழி போடுவதற்கு நாம் வழி செய்துவிடக்கூடாது.

வேலைப்பளு என்ற மறுப்பும் வரும். அது உண்மையான மறுப்பு. ஒரு கிராம சுகாதார செவிலியர் எத்தனை பதிவேடு எழுதுகிறார் என்பதை எழுதிய கைக்குத் தெரியும், புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்வது எனக்கும் கூச்சமாகவே இருக்கிறது. நான் கேட்பது புதுப் பதிவேடு அன்று. இருக்கும் இரண்டில் ஒரு கட்டம், அவற்றுக்கிடையே ஓர் இணைப்பு. ஒரு துணை சுகாதார நிலையத்தின் பகுதியில் சர்க்கரை உள்ள, குழந்தை வேண்டும் என்கிற பெண்கள் ஒரே சமயத்தில் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். நலப் பதிவுகள் எல்லாம் ஒழுங்காக உள்ள பிரிட்டனிலேயே 2013 முதல் ஆண்டுதோறும் கணக்கெடுத்தும், சர்க்கரை உள்ள பெண்களில் பெரும்பாலோர் ஆயத்தமின்றியே கருவுறுகிறார்கள் என்பது வெளிப்படையாகப் பதிவாகி வருகிறது. ஆகவே இது எளிதில் முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. மாதம் தவறாமல் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போகும் ஒருவர் நம்மிடம் இருக்கிறார்.

அடுப்பங்கரையில் என்னிடம் கேட்ட அந்தப் பெண், ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடி வந்தார். இந்த முறை நாள் தள்ளுவதற்கு முன்பே வந்தார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். அப்போது மூன்று மாதச் சராசரி 9.8. மாத்திரையோடு இன்சுலினும் சேர்ந்தது, இரவுச் சோறு கேழ்வரகு அடையானது, கணவர் மூன்று வேளையும் அளவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார். ஆறு மாதத்தில் 6.4. அதன் பிறகே, அதுவரை போட்டிருந்த காப்பர் டி எடுக்கப்பட்டது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஒரு குழந்தையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை அறிவேன். அதற்குத்தான் கார்ல்ஸ்பர்க்கின் 128 குழந்தைகளைச் சொன்னேன். இவளைச் சொல்வது, இவை எல்லாம் நம்முடைய நிலையங்களில், நம்முடைய மருந்துகளோடு, ஒரு கூலிக்காரக் குடும்பத்தால் செய்ய முடிந்தவை என்பதைக் காட்டத்தான்.

தன்னார்வலர்களுக்கான அடுத்த பயிற்சிக் கையேடும், தொற்றா நோய்ப் பதிவேட்டின் அடுத்த அச்சும் எப்போது வரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த அச்சில் இந்தக் கட்டம் இடம்பெறுமா என்பதற்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். பயிற்சி வகுப்பெடுக்க ஆள் வேண்டுமென்றால், ஊதியம் எதுவும் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்